மண்ணால் முகம் கழுவியவர்

மாடி வீட்டில் யாரோ டிரம்மின் அடியில் கிடக்கும் தண்ணீரை பிளாஸ்டிக் மக்கால் வழித்துக்கொண்டிருக்கிறார்கள். கரக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் கரக்.

திருப்பத்தூரில் நான் குடியிருக்கும் இந்தத் தெருவில் இது புதிய சத்தமில்லை. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் எல்லா மாடியிலும் கேட்கும். இன்றைக்கு மட்டும் அது என்னை மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மலையில் அந்தச் சத்தத்துக்குக் கொட்டாங்குச்சி. பாறை இடுக்கில் உள்ளங்கை அளவு தேங்கும் நீரை, செல்வி என்றொரு பெண் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார். ஒரு மொள்ளல். அப்புறம் காத்திருப்பு. பாறை மறுபடி வியர்க்கும்வரை முழங்காலில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு மறுபடி அந்தக் கரக்.

போன வாரம் இந்தப் பத்தியில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியதை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எந்த மதமானாலும் கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கிறதே, ஏன்?"

எனக்குப் பதில் தெரியாது அம்மா. தண்ணீர் விஷயத்தில் நான் செய்த ஒரு கோழைத்தனம் மட்டும் தெரியும். அதைச் சொல்கிறேன்.

பாட்டில்காரன்

ஒரு சின்ன அறக்கட்டளைக்காக மலையிலுள்ள சுனைகளைக் கண்காணிப்பது என் வேலை. ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று கைப்பேசியில் பார்த்துக் குறிப்பேன். சின்ன பாட்டில்களில் நீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பேன். மனைவி பெங்களூரில் மகளோடு இருந்தாள். எங்களுக்குள் சண்டை இல்லை. பேச்சும் இல்லை. வயது ஏறிய பிறகு எனக்கு மலை வேலை கிடைத்தது அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

முதல் நாள் நான் சுனைக்குச் செருப்போடு இறங்கிவிட்டேன்.

"இன்னா சார், சாமி மேல செருப்புக் காலோட ஏறுவியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதுதான் செல்வி. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தார். வீட்டில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளும் அவரும்தான்.

அங்கே சாமிக்குத் தனியாகச் சிலை இல்லை. பாறையின் நெற்றியில் மஞ்சள் பூசிய ஒரு தடம். பொங்கலுக்கு முதல் குடம் அங்கிருந்துதான். செருப்பைக் கழற்றினேன். பாறை சுட்டது.

மாசி முடியும்போது ஒரு குடம் நிறைய ஒன்றரை மணி நேரம் ஆனது. இந்தச் சுனை அதிக நாள் தாங்காது என்று ஊரில் சொன்னேன். சொல்வது என் கடமை என்று நினைத்தேன். ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

"இந்த பாட்டில்காரன் வந்து மருந்து ஊத்தின நேரம், தண்ணி பயந்துக்கினு உள்ள போய்ட்ச்சி."

முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்கள். பிறகு, நான் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நாளில் என் வாயிலிருந்து வந்த சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலைமை வந்தது.

வாரத்தில் ஒரு நாள்

சலீம் பாய் வந்தால் மட்டும் எனக்குப் பேச்சு வந்துவிடும்.

வாணியம்பாடிக்காரர். புளி வியாபாரம். ஐம்பதைத் தாண்டியவர். புளி உலுக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை குட்டியானை சரக்கு வண்டியை முக்கி முனகிக்கொண்டு மலையேற்றுவார். செல்வியின் மரங்கள் மூன்றும் அவருக்குத்தான். மூட்டை கட்டும்வரை என் அறையில் வந்து உட்காருவார். "இன்னா சார், இந்த வாரம் தண்ணி இன்னா சொல்லுது?" என்று ஆரம்பிப்பார்.

அவருடைய அக்கா ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது கொண்டுவந்த ஜம்ஜம் நீரை ஒரு முறை மருந்து பாட்டிலில் எனக்குக் கொஞ்சம் கொண்டுவந்திருந்தார். எழுந்து நின்று, மேற்கே பார்த்துக் குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

"டெஸ்ட் பண்ணுவீங்கன்னு பாத்தேன்" என்றார்.

"பாட்டில் காலியாகிவிட்டதே பாய்."

"தப்பிச்சுது" என்று சிரித்தார்.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. முன்பு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். கர்நாடகத்தில் திபெத்தியர் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீட்டில் தங்கினேன். காலையில் அந்த வீட்டுக்காரி புத்தர் முன்னால் ஏழு கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் ஒரு நெல்மணி இடைவெளி. மாலையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் துடைப்பாள். ஏன் தண்ணீர் என்று கேட்டேன். யாரும் மனம் நோகாமல் கொடுக்கக்கூடியது அதுதானே என்றாள்.

அதைப் பாயிடம் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே சுனைப் பக்கம் பார்த்தார். செல்வி முழங்காலில் கன்னம் வைத்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

"அந்தூர்ல மழ நல்லா பேயும் போல" என்றார்.

ஒரு சொம்பு, ஒரு கை மண்

அது நோன்பு மாதம். வெயில் சரியத் தொடங்கியிருந்தது. செல்வியின் வாசலில் புளி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நானும் பாயும் நின்றிருந்தோம். எல்லா வீட்டிலும் நடப்பதுபோல, செல்வி முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடி பாய்."

"நோம்பும்மா."

"அய்ய, மறந்துபூட்டேன். அப்ப மூஞ்சி கை கழுவிக்கோ. தொழுவுற நேரமாச்சில்ல." சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனார்.

பாய் சொம்பையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், ஒரு கொடம் ரொம்ப எவ்ளோ நேரம் சொன்னீங்க?"

"ஒன்றரை மணி."

அவர் குனிந்து, நிறைந்த சொம்பைச் சொட்டுச் சிந்தாமல் எடுத்துப்போய் வாசற்படியில் வைத்தார். பக்கத்தில் கிடந்த தட்டால் மூடினார். முற்றத்தின் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் காய்ந்த மண்ணில் அடித்தார். தூசியை ஊதினார். முகத்தைத் தடவினார். மறுபடி மண்ணில் அடித்தார். கைகளைத் தடவிக்கொண்டார்.

தயம்மும் என்று அதற்குப் பெயர். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளுவுக்குத் தண்ணீர் இல்லாத இடத்தில் சுத்தமான மண் போதும். தண்ணீர் இருந்தும், அது குடிப்பதற்கு மட்டுமே போதுமானதாக இருந்தாலும் அப்படித்தான். பாய் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். பாலைவனத்தில் பிறந்த மதம் தண்ணீருக்குக் காட்டும் மரியாதை அது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். செல்வியின் மகள் நிறைமாத வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பின்னால் செல்வி. இரண்டு முகமும் வெளுத்திருந்தன.

அவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டு வாசலில் மண்ணில் கையடித்து ஊதினால், மண்ணை வாரித் தூற்றினால், அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்த வீடு விளங்காமல் போகட்டும். அதுவும் கொடுத்த தண்ணீரை மூடி வைத்துவிட்டு. அதுவும் பிள்ளைத்தாய்ச்சியின் கண் முன்னால்.

பாய் தொழ நின்றுவிட்டார். அவர் தொழுது முடிக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான் புளி மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டி போன பிறகு செல்வி என் அறைக்கு வந்தார்.

"சார், பாய் எங்க வாசல்ல மண்ணுல கைய அடிச்சி இன்னா பண்ணாரு?"

"தெரியலையேம்மா" என்றேன்.

இரண்டாம் நாள் சுனை நின்றது.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் பாட்டிலைப் பற்றிப் பேசவில்லை. "பாய் மண்ண வாரிட்டுப் போனாரு, ஊத்துக்கண்ணு மூடிக்கிச்சி" என்றார்கள். கீழ்க் கிராமத்துக் கிணற்றுக்குக் குடத்தோடு நடக்கும் பெண்கள், வழியில் என்னைப் பார்த்து மறுபடி சிரித்தார்கள். "இன்னா சார், சாப்டியா?" என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒடுகத்தூர், இரண்டு முறை

இந்த மாதிரி வாய் மூடி நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

என் அம்மா நடுவயதில் ஒரு சின்னச் சபையில் சேர்ந்தார். அப்பா சேரவில்லை. ஒடுகத்தூருக்கு வெளியே, நிலக்கடலைக் காட்டு நடுவில் ஒரு பம்புசெட் தொட்டியில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பன்னிரண்டு வயது இருக்கும். போதகர் தலையைப் பிடித்து நீருக்குள் அழுத்தினார். காது முழுக்க மோட்டார் சத்தம். பழையவன் செத்து, புதியவன் எழுந்து வருகிறான் என்றார்கள். எழுந்து வந்தவன் குளிரில் நடுங்கினான்.

அப்பா வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் வரப்பில் நின்றுகொண்டிருந்தார், தோளில் ஒரு காய்ந்த துண்டோடு. என் தலையை அழுத்தி அழுத்தித் துவட்டினார். கழுத்து வலித்தது. "சளி புடிக்கும்" என்றார். அவ்வளவுதான்.

அவர் இறந்தபோது, மயானத்தில் நீர்க்குடம் எடுக்க வேண்டியவன் நான். ஒரே மகன். எடுக்கக் கூடாது என்று சபையிலிருந்து சொல்லியிருந்தார்கள். பங்காளிகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பெரியப்பா மகன் குடத்தைத் தோளில் ஏற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓர் ஓட்டை போட்டார்கள். பீறிட்ட நீர் அவன் முதுகை நனைத்து, பக்கத்தில் நின்ற என் காலிலும் தெறித்தது. நான் காலை இழுத்துக்கொண்டேன்.



"புளி இல்ல"

சுனை நின்றதற்கு அடுத்த வாரம் பாய் வந்தார். அந்தப் பருவத்தின் கடைசி நடை அது. செல்வி கதவுக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிட்டார். "புளி இல்ல. போ."

வாசலில் கட்டிய மூட்டைகள் கிடந்தன.

பாய் என் அறைக்கு வந்தார். வெகுநேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் தப்பு பண்ணேன்? அந்தம்மா என் மூஞ்சியக்கூட பாக்கல."

"சுனை நின்றுவிட்டது பாய். அந்த வருத்தம்."

"தண்ணி நின்னா என்னிய ஏன் வெரட்டறாங்க?"

அவர் எழுந்தார்.

"சரி சார். எனக்கு மத்த ஊரு இருக்குது. இனிமே இந்தப் பக்கம் வரல."

வண்டியின் பக்கம் நடந்து போனார். நோன்பு நாக்கோடு இவ்வளவு மேடு ஏறி வந்த மனிதர். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி திரும்பிவிடும். பிறகு இந்த மலையில் என்னோடு பேச, தண்ணீர் என்ன சொல்கிறது என்று கேட்க, யாரும் இருக்கமாட்டார்கள். வெட்கத்தைவிட அந்தப் பயம்தான் என்னைச் செல்வி வீட்டுக்குத் துரத்தியது. அதையும் மறைக்கவில்லை.

செல்வி பின்புறம் உட்கார்ந்து புளியைச் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"செல்விம்மா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

சுத்தியல் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். மண் எதற்கு, சொம்பை ஏன் மூடினார், ஒன்றரை மணி நேரக் கணக்கை அவருக்குச் சொன்னது யார்.

"தெரிஞ்சிக்கினேவா சொல்லல?"

"ஆமாம்."

"ஏன்?"

"எல்லாரும் என்னைத்தானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பாய் பேர் வந்ததும் என்னை விட்டுவிட்டீர்கள்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். கோபம் என்மேல் கொட்டும் என்று நின்றேன். அது வேறு பக்கம் திரும்பியது.

"அப்ப, எங்க தண்ணிய மிச்சம் புடிக்கத்தான் வேணாம்னு வச்சாரா?"

"உங்கள் குடிதண்ணீரில் அவர் முகம் கழுவக் கூடாது என்று..."

"அத்த சொல்ல அவரு யாரு? குடுத்தது நானு. இல்லாதவ வூடுன்னு பாத்தாரா?" சுத்தியலைத் தரையில் போட்டார். "சாபம் வுட்டிருந்தாக்கூட ஒரு தேங்கா ஒடச்சி கழிச்சிருப்பேன் சார். பாவம் பாத்துட்டுப் போயிருக்காரு. இத்த நான் எத்த ஒடச்சி கழிக்கறது?"



உள்ளேயிருந்து மகளின் குரல்: "எம்மா, அப்பறம் சண்ட போடு. வண்டி ஸ்டார்ட் பண்றாரு பாரு."

ஊற்றியவர்

செல்வி ஓடினார். வண்டியின் முன்னால் போய் நின்றார். பாய் இறங்கினார், பயந்துபோய்.

"தொழுதியா?"

"இன்னும் இல்லம்மா. வழியில..."

"வா, வந்து கழுவு."

அன்று காலை கீழ்க் கிணற்றிலிருந்து தலையில் சுமந்து வந்த குடம். அதில் சொம்பை முக்கினார். தானே ஊற்ற நின்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கைகள். வாய் கொப்பளித்தார், ஒரு சொட்டும் உள்ளே போகாமல் துப்பினார். மூக்கு. முகம். ஒவ்வொன்றுக்கும் ஒரே முறை.

"ஏன் ஒரு தரத்தோட நிறுத்தற? மூணு தரம் கழுவுவியே, நான் பாத்ததில்லியா?"

"ஒரு தரம் போதும்மா. செல்லும்."

"ஊத்தறது நானு. நீ கழுவு."

ஓடுகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்தாலும் தண்ணீரை விரயம் செய்யாதே என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் அவர். கொடுத்ததை ஒருவர் வாங்காமல் போனால் வீட்டுக்கு ஆகாது என்று வளர்ந்தவர் இவர். இரண்டும் தண்ணீரைப் பற்றியவைதான். நடுவில் அந்த மெல்லிய தாரை விழுந்துகொண்டிருந்தது. பாயின் முழங்கையிலிருந்து ஒழுகிய நீரை அவர் மறு கையால் ஏந்திக் காலுக்கு விட்டுக்கொண்டார். செல்வி அதையும் விடவில்லை. காலுக்குத் தனியாக மூன்று முறை ஊற்றினார். ஈரம் மண்ணில் ஓடி, கட்டியிருந்த ஆட்டின் கால்வரை போனது. ஆடு முகர்ந்து பார்த்தது.

பாயின் முகத்தில் வழிந்தது எல்லாமே சொம்புத் தண்ணீர்தானா என்று சொல்ல என்னிடம் மருந்து இல்லை.

அவர் தொழுதார். மூட்டைகள் வண்டியில் ஏறின. செல்வி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"அடுத்த வருசம் நோம்பு முடிஞ்சப்பறம் வா பாய். குடிச்சிட்டுப் போவ. அதுக்குள்ள இந்தக் கொழந்த நடக்கும்."

"வர்றேன்மா. துவா செய்யறேன்."

மகள் சிரித்தாள். செல்வியும் சிரித்தார். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததும் தப்புதான்.

வண்டிவரை பாயோடு நடந்தேன். சட்டைக் கை இன்னும் மடித்தபடியே இருந்தது. முழங்கை ஈரம் காயவில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார்.

"மூட்ட ஏத்தும்போது அந்தம்மா சொன்னாங்க சார். நீங்க தெரிஞ்சிக்கினே சொல்லலன்னு."

"ஆமாம் பாய்."

கீழே எங்கோ புளியமரத்தில் தடி விழும் சத்தம் கேட்டது. ஒன்று. அப்புறம் நான்கைந்து சேர்ந்தாற்போல்.

"அடுத்த வருடம் வருவீர்களா?" என்று கேட்டேன்.

அவர் சாவியைத் திருகினார். கண்ணாடியைச் சரி செய்தார். வண்டி குலுங்கியது.

"அந்தம்மா கூப்ட்டாங்க, வருவேன். நீங்க இன்னும் கூப்புடலியே சார்."